வயிற்றைத் திறந்தே வைத்திருப்பது ஏன், மூடுவது எப்படி? ஐசியூ வாசலில் காத்திருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

"ஆபரேஷன் முடிஞ்சது. ஆனா வயிற்றை இன்னும் மூடல. ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டு போவோம்."

ஐசியூவுக்கு வெளியே நிற்கும் குடும்பத்துக்கு இந்த மூன்று வாக்கியங்களும் இடி மாதிரி இறங்கும். ஆபரேஷன் தோற்றுவிட்டதா? டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்களா? திறந்த வயிற்றோடு ஒரு மனிதர் எப்படி உயிரோடு இருக்க முடியும்?

பெரும்பாலான நேரங்களில் இது தோல்வி இல்லை. திட்டமிட்டு எடுக்கும் முடிவு. மருத்துவர்கள் இதை 'ஓப்பன் அப்டமன்' என்கிறார்கள். தமிழில் 'திறந்த வயிறு' என்று வைத்துக்கொள்வோம். ஆனால் திறந்த வயிறு என்பது கடன் வாங்குவது மாதிரி. அவசரத்துக்கு உயிரைக் காப்பாற்றும், நாளாக ஆக வட்டி ஏறும். எத்தனை நாளில் மூடுகிறார்கள், அதுவரை வயிற்றுச் சுவரை எந்த முறையில் பிடித்து வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே நோயாளியின் அடுத்த சில வருடங்கள் இருக்கும்.

சுருக்கமாக

• உடல் நிலை மோசமாக இருக்கும்போது, உயிர் காக்கும் வேலையை மட்டும் முடித்து, வயிற்றைத் தற்காலிகமாக மூடி வைப்பார்கள்.
• முதல் ஒரு வாரத்துக்குள் மூட முடிந்தால் வாய்ப்பு நல்லது. அதற்குமேல் போகப் போக மூடுவது கடினம்.
• குடலை மூடி வைத்தால் மட்டும் போதாது. இரண்டு பக்கச் சுவரையும் நடுவை நோக்கி இழுத்துப் பிடிக்கும் முறைகளுக்கே பலன் அதிகம்.
• மூட முடியாமல் போனால், தோல் ஒட்டி, பெரிய ஹெர்னியாவோடு வீட்டுக்கு அனுப்பி, மாதங்கள் கழித்துச் சரிசெய்வார்கள்.

இது யாருக்கு வருகிறது?

தேவ்நாரை எடுத்துக்கொள்வோம். 1927 முதல் மும்பையின் குப்பையைச் சுமக்கும் மேடு இங்கே இருக்கிறது. 1971-ல் வந்த பெரிய இறைச்சிக்கூடமும் இங்கேதான். சுற்றிலும் கோவண்டி, மான்கூர்டு, தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் சீட்டா கேம்ப். உடல் உழைப்பை நம்பி வாழும் பகுதி. காசநோய்ச் சுமை அதிகம் என்று பல வருடங்களாகப் பேசப்படும் பகுதியும்கூட. பக்கத்தில் கோவண்டி சதாப்தி மருத்துவமனை இருக்கிறது. கேஸ் பெரிது என்றால் தாராவியை ஒட்டிய சயான் மருத்துவமனை, அதாவது லோகமான்ய திலக் மாநகராட்சி பொது மருத்துவமனை.

இந்தியாவில் வயிறு திறந்த நிலைக்குப் போகும் நோயாளிகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகிறார்கள்.

முதல் வழி, குடலிலோ இரைப்பையிலோ ஓட்டை விழுந்து, உள்ளே இருப்பது வயிறு முழுக்கப் பரவிச் சீழ் பிடிப்பது. இதற்கு பெரிட்டோனைட்டிஸ் என்று பெயர். சண்டிகரில் 504 நோயாளிகளை வரிசையாக ஆராய்ந்து 2006-ல் வெளியான ஆய்வு இந்தியச் சித்திரத்தைக் காட்டுகிறது. 289 பேருக்குச் சிறுகுடலின் தொடக்கத்தில் புண் முற்றி ஓட்டை. 59 பேருக்குக் குடல்வால். 45 பேருக்கு வயிற்றில் பலமான அடி. 41 பேருக்கு டைபாய்டு. 20 பேருக்குக் காசநோய். கடைசி இரண்டையும் கூட்டினால், 8 பேரில் ஒருவருக்கு டைபாய்டோ டிபியோதான் குடலைத் துளைத்திருக்கிறது. டைபாய்டு வருவது அசுத்தமான தண்ணீராலும் உணவாலும். டிபி பரவ நெரிசலான, காற்றோட்டமில்லாத வீடுகள் வசதி செய்து கொடுக்கின்றன. மேலை நாடுகளில் பெருங்குடல் ஓட்டைதான் அதிகம். நம் ஊர்ப் பட்டியல் வேறு.

இரண்டாவது வழி விபத்து. ரயில், சாலை, உயரத்திலிருந்து விழுவது, கத்திக்குத்து. மும்பை, டெல்லி, கொல்கத்தாவில் உள்ள 4 அரசு மருத்துவமனைகளின் விபத்துக் காயப் பதிவேட்டில் சயான் மருத்துவமனையும் ஒன்று. அந்த ஆய்வுக் குழுவை வழிநடத்திய அறுவை மருத்துவர் நோபோஜித் ராய் பணியாற்றியது தேவ்நாருக்கு அடுத்த அணுசக்தி நகரில் இருக்கும் பார்க் மருத்துவமனையில். அனுமதிக்கப்பட்ட 11,202 பேரில் 21.4% பேர் 30 நாட்களுக்குள் மருத்துவமனையிலேயே இறந்தார்கள் என்கிறது 2016-ல் வெளியான அந்தக் கணக்கு. எல்லாமே வயிற்றுக் காயம் இல்லை. ஆனால் எவ்வளவு மோசமான நிலையில் ஆட்கள் வந்து சேர்கிறார்கள் என்பதற்கு இது ஓர் அளவுகோல்.

சரி, ஏன் உடனே தைத்து மூடுவதில்லை?

மூன்று காரணங்கள்.

1. உடம்பு தாங்காது. நிறைய ரத்தம் போன ஒருவரின் உடல் குளிர்ந்துவிடும், ரத்தத்தில் அமிலம் ஏறும், ரத்தம் உறைவது நின்றுபோகும். இந்த மூன்றும் ஒன்றையொன்று மோசமாக்கும். அந்த நேரத்தில் 5 மணி நேரம் நின்று எல்லாவற்றையும் அழகாகச் சரிசெய்தால், ஆபரேஷன் நன்றாக முடிந்திருக்கும், ஆள் இருக்கமாட்டார். அதனால் ரத்தக் கசிவை நிறுத்து, குடல் ஓட்டையை அடை, வெளியே வா, ஐசியூவில் உடம்பைச் சூடாக்கு, ஓரிரு நாள் கழித்து மீதியைச் செய். இதற்கு 'டேமேஜ் கன்ட்ரோல்' என்று பெயர் வைத்தது அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு, 1993-ல். அவர்கள் பார்த்த மிக மோசமான காயக்காரர்களில், இப்படிச் செய்த 13 பேரில் 10 பேர் பிழைத்தார்கள். ஒரே மூச்சில் முடித்த 9 பேரில் ஒருவர் மட்டுமே. சின்ன எண்ணிக்கைதான். ஆனால் உலகம் முழுக்க அவசர அறுவை சிகிச்சையின் போக்கையே அது மாற்றியது.

2. அழுத்தம். பெரிய காயத்துக்குப் பிறகும் கடுமையான சீழ் தொற்றிலும் குடல் வீங்கும். நரம்பு வழியாக ஏற்றிய திரவமும் வீக்கத்தைக் கூட்டும். அடைத்த சூட்கேஸை முட்டி வைத்து மூடுவது மாதிரி, வீங்கிய குடலை உள்ளே தள்ளித் தைத்தால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். ஐசியூ நோயாளிகளுக்கு அது வழக்கமாக 5 முதல் 7 மி.மீ. பாதரசம். 12-ஐத் தொட்டால் எச்சரிக்கை. 20-ஐத் தாண்டி, புதிதாக ஏதாவது ஓர் உறுப்பும் செயலிழந்தால், அது 'அப்டாமினல் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்'. சிறுநீர் நிற்கும், நுரையீரல் விரியாது, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். மற்ற வழிகளில் அழுத்தம் இறங்காவிட்டால் வயிற்றைத் திறப்பதுதான் சிகிச்சை. இதை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஏற்கெனவே போட்டிருக்கும் சிறுநீர்க் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் 25 மி.லி.க்கு மிகாமல் சலைன் விட்டு அழுத்தத்தைப் படிக்கலாம்.

3. மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கிறது. குடலின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகுமா போகாதா என்று சந்தேகம் இருந்தால், 24 முதல் 48 மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள்.

ஆனால் எல்லா பெரிட்டோனைட்டிஸ் நோயாளிக்கும் வயிற்றைத் திறந்து வைப்பதில்லை. முதல் ஆபரேஷனிலேயே மூட முடிந்தால் மூடுவதுதான் நல்லது. திறந்து வைப்பது, வேறு வழி இல்லாதபோது.

எதை மூட வேண்டும்? தோலையா?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். வயிற்றின் பலம் தோலில் இல்லை. தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே, நடுக்கோட்டில் வெள்ளையாக, தடித்த துணி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. அதன் பெயர் ஃபேசியா. இரண்டு பக்கத் தசைகளும் அதில்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 'வயிறு மூடியாச்சு' என்றால் அந்த ஃபேசியாவின் இரண்டு ஓரங்களும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம்.

நடுக்கோட்டை வெட்டிய நிமிடத்திலிருந்து பக்கவாட்டுத் தசைகள் அந்த ஓரங்களைத் தங்கள் பக்கம் இழுக்க ஆரம்பிக்கும். எதிர்ப்பக்கம் இழுக்க யாரும் இல்லாத கயிறு இழுக்கும் போட்டி மாதிரி. நாட்கள் போகப் போக இடைவெளி அகலமாகும், தசை சுருங்கும். இன்னொரு பக்கம், குடல் வயிற்றுச் சுவரின் உள்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது வாரத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாக உறைந்துபோகலாம். அதன்பிறகு ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம். வலுக்கட்டாயமாகப் பிரித்தால் குடல் கிழியும்.

அதனால்தான் முதல் வாரம் முக்கியம். நல்ல தற்காலிக மூடி மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும்: குடலைக் காக்க வேண்டும், கசியும் திரவத்தை வெளியே எடுக்க வேண்டும், ஓரங்களை விலகவிடாமல் பிடிக்க வேண்டும். எந்த முறை இந்த மூன்றில் எதைச் செய்கிறது என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

என்னென்ன முறைகள் இருக்கின்றன?

பொகோட்டா பை. 1984-ல் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில், ஓஸ்வால்டோ போர்ராயெஸ் என்ற அறுவை மருத்துவர் நரம்பு வழியாக ஏற்றும் திரவத்தின் பிளாஸ்டிக் பையை வெட்டி விரித்து, வயிற்றின் ஓரங்களோடு தைத்தார். பை குடலோடு ஒட்டாது. கண்ணாடி மாதிரி இருப்பதால் குடலின் நிறத்தை வெளியிலிருந்தே பார்க்கலாம். செலவு ஏறக்குறைய இல்லை. நம் ஊரில் சிறுநீர் சேகரிக்கும் ஸ்டெரைல் பையையும் இதற்கு வெட்டிப் பயன்படுத்துகிறார்கள். வசதி குறைந்த இடத்தில் பிறந்து உலகம் முழுக்கப் போன கண்டுபிடிப்பு இது. ஆனால் முதல் வேலையை மட்டும்தான் செய்கிறது. திரவத்தைச் சரியாக எடுக்காது, ஓரங்களை இழுத்துப் பிடிக்காது. ஓரிரு நாள் தாக்குப்பிடிக்க நல்லது. பத்து நாளுக்கு அல்ல.

வெற்றிடப் பொதி. 1990-களில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பார்க்கர் குழு உருவாக்கியது. குடல்மேல் சின்னச் சின்னத் துளைகள் போட்ட பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் ஈரமான ஆபரேஷன் துணி, அதில் இரண்டு டிரெயின் குழாய், எல்லாவற்றின் மேலும் ஒட்டும் பிளாஸ்டிக் படலம். குழாயைச் சுவரில் இருக்கும் சக்ஷனோடு இணைத்தால் திரவம் உறிஞ்சப்படும். எல்லாப் பொருளும் சாதாரண தியேட்டரிலேயே கிடைக்கும். முதல் இரண்டு வேலைகளையும் செய்யும், மூன்றாவதைக் கொஞ்சம்.

வேக் மெஷின். இதே யோசனையின் கம்பெனி வடிவம். துணிக்குப் பதிலாக ஸ்பாஞ்ச், குடலைச் சுற்றிலும் விரியும் பாதுகாப்பு ஷீட், சீராக உறிஞ்சும் மெஷின். வழக்கமாக 125 மி.மீ. எதிர்மறை அழுத்தம். திரவத்தை இன்னும் ஒழுங்காக எடுக்கும். ஸ்பாஞ்ச் ஒருபோதும் குடலை நேரடியாகத் தொடக்கூடாது. நடுவில் ஷீட் இருந்தே ஆக வேண்டும். கிட்டின் விலைதான் இங்கே தடை. 2, 3 நாளுக்கு ஒருமுறை மாற்றும்போது ஒவ்வொரு முறையும் செலவு.

விட்மன் பேட்ச். வெல்க்ரோ மாதிரி ஒட்டும் இரண்டு ஷீட்களை இரண்டு பக்க ஃபேசியாவிலும் தைப்பார்கள். வீக்கம் குறையக் குறைய, பிரித்து இன்னும் இறுக்கி ஒட்டுவார்கள். மூன்றாவது வேலையை நேரடியாகச் செய்யும் முறை.

வெற்றிடமும் வலையும் சேர்ந்தது. ஸ்வீடனின் மால்மோ நகரக் குழு 2007-ல் விவரித்தது. குடல்மேல் பாதுகாப்பு ஷீட். ஃபேசியாவின் இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் பாலிப்ரொப்பிலீன் வலை. ஹெர்னியா ஆபரேஷனில் வைப்பார்களே, அதேதான். அதன்மேல் வெற்றிட ஸ்பாஞ்ச். 2, 3 நாளுக்கு ஒருமுறை வலையை நடுவில் வெட்டி, இன்னும் கொஞ்சம் இறுக்கித் தைப்பார்கள். லுங்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக் கட்டுகிற மாதிரி. ஓரங்கள் நெருங்கியதும் வலையை எடுத்துவிட்டு ஃபேசியாவையே தைத்துவிடுவார்கள். மூன்று வேலையும் ஒன்றாக நடக்கிறது.

இதற்கு எண்கள் இருக்கின்றன. ஸ்வீடனில் பல மருத்துவமனைகளில் 111 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2011-ல் வெளியான ஆய்வில் 76.6% பேருக்கு ஃபேசியாவை முழுதாக மூட முடிந்தது. விபத்து அல்லாத காரணங்களுக்காக வயிறு திறக்கப்பட்ட 4,358 பேரை உள்ளடக்கிய 74 ஆய்வுகளை 2015-ல் ஒரு டச்சுக் குழு தொகுத்தது. அதில் வெற்றிடத்தோடு இழுத்துப்பிடித்தலும் சேர்ந்தபோது மூடும் விகிதம் 73.1%. குடலில் புதிதாக ஓட்டை விழுவது 5.7%. இழுத்துப்பிடிக்காமல் வெறும் வெற்றிடம் என்றால் அதே ஓட்டை 14.6%. ஒவ்வொரு ஆய்விலும் நோயாளிகள் வேறு என்பதால் இதைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஒப்பிடக்கூடாது. ஆனால் திசை தெளிவு: இழுத்துப் பிடிப்பது பலன் தருகிறது.

தேவ்நார் மாதிரி ஒரு பகுதிக்கு இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த முறையில் பலன் தரும் பகுதி மெஷின் இல்லை, வலையும் நேரம் தவறாத இறுக்கமும். வலை எந்த அறுவை சிகிச்சைப் பிரிவிலும் இருக்கும் பொருள். வெற்றிடத்தைச் சுவர் சக்ஷனாலும் உண்டாக்கலாம். உண்மையில் அரிதானது 2, 3 நாளுக்கு ஒருமுறை தியேட்டர் நேரம், மயக்க மருத்துவர், ஐசியூ படுக்கை. கூட்டம் நிரம்பி வழியும் அரசு மருத்துவமனையில் இறுக்க வேண்டிய நாள் 2 நாள் தள்ளிப்போனால், அதுதான் பெரிய இழப்பு.

கடைசித் தையலில் என்ன இருக்கிறது?

ஓரங்கள் சேர்ந்துவிட்டால், கரைய நாளாகும் ஒரே நூலால் தொடர் தையல் போடுவதுதான் இப்போதைய வழக்கம். காயத்தின் நீளத்தைப் போல் குறைந்தது 4 மடங்கு நூல் உள்ளே போக வேண்டும் என்பது விதி. 20 செ.மீ. காயத்துக்கு 80 செ.மீ. நூல். அதைவிடக் குறைந்தால் தையல் அறுத்துக்கொண்டு வரும்.

தையல் சின்னதாக இருக்க வேண்டுமா, பெரிதாகவா? நெதர்லாந்தில் 560 பேரிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், 5 மி.மீ. இடைவெளியில் சின்னத் தையல் போட்டவர்களில் 13% பேருக்கு ஓராண்டில் ஹெர்னியா, 1 செ.மீ. பெரிய தையலில் 21%. இது திட்டமிட்ட ஆபரேஷன்களில் கிடைத்த முடிவு. சீழும் வீக்கமும் உள்ள அவசர நோயாளிக்கு அப்படியே பொருத்த முடியாது. அங்கே மருத்துவரின் அனுபவம்தான் முடிவெடுக்கும்.

என்ன தவறாகப் போகலாம்?

அறுவை மருத்துவர்கள் அதிகம் பயப்படுவது, திறந்து கிடக்கும் குடலிலேயே ஓட்டை விழுவதற்கு. மேலே தோல் இல்லை, தசை இல்லை. மலமும் செரிமான நீரும் நேராகக் காயத்துக்குள் கொட்டும். சாதாரண ஃபிஸ்டுலா போல இது தானாக மூடுவது அரிது. மாதக்கணக்கில் ஆகும். குடலைக் காற்றில் காயவிடாமல், துணியோ ஸ்பாஞ்சோ உரசாமல் வைப்பதும், சீக்கிரம் மூடுவதும்தான் தடுப்பு.

இரண்டாவது, சத்து. திறந்த வயிற்றிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு லிட்டர் திரவத்தோடும் சுமார் 2 கிராம் நைட்ரஜன், அதாவது ஏறக்குறைய 12 கிராம் புரதம் போய்விடுகிறது. இரண்டு முட்டையின் புரதம். ஏற்கெனவே மெலிந்த ஒரு டிபி நோயாளிக்கு இது பெரிய நஷ்டம். வயிறு திறந்திருந்தாலும், குடல் தொடர்ச்சியாக இருந்தால் மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கலாம், கொடுப்பது நல்லது.

மூடவே முடியாவிட்டால்?

அப்போது பின்வாங்குவதும் ஒரு திட்டம்தான். ஃபேசியாவை விட்டுவிட்டுத் தோலை மட்டும் சேர்த்துத் தைக்கலாம். தோலும் எட்டாவிட்டால், கரையும் வலையைப் போட்டு, குடல்மேல் சிவப்பான புதுத் திசு வளர்ந்ததும், தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டலாம். காயம் ஆறும், ஆள் வீட்டுக்குப் போவார். ஆனால் வயிற்றுக்கு முன்னால் தசைச் சுவர் இல்லை. தோலுக்குக் கீழே குடல் அசைவது தெரியும். இதற்கு 'திட்டமிட்ட ஹெர்னியா' என்று பெயர்.

சரிசெய்யப் பொதுவாக 6 முதல் 12 மாதம் காத்திருப்பார்கள். ஒட்டிய தோலை இரண்டு விரலால் கிள்ளினால் குடலைவிட்டுத் தனியாக வர வேண்டும். அதுதான் தயார் என்பதற்கு அடையாளம். பிறகு வயிற்றுத் தசைகளின் அடுக்குகளைப் பிரித்து நடுவுக்கு நகர்த்துவார்கள். 1990-ல் ராமிரெஸ் விவரித்த இந்த முறையில் இடுப்பு மட்டத்தில் ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. வரை கிடைக்கும். அழகு சிகிச்சையில் கேள்விப்படும் பொட்டாக்ஸ் ஊசியை ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பு பக்கத் தசைகளில் போட்டு அவற்றைத் தளர்த்துவதும் இப்போது நடக்கிறது.

லேப்டாப் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவர் அந்த ஒரு வருடத்தைப் பெல்ட் கட்டிக்கொண்டு சமாளித்துவிடலாம். இறைச்சிக்கூடத்தில் சுமை ஏற்றுபவருக்கும், குப்பை மூட்டை தூக்குபவருக்கும் அந்த ஒரு வருடம் சம்பளமே இல்லாத வருடம். முதல் வாரத்தில் மூட முடிந்ததா இல்லையா என்பது அவர்கள் வீட்டில் அடுப்பெரியும் விஷயம்.

குடும்பத்தினர் என்ன கேட்கலாம்?

டாக்டரோடு சண்டை போட அல்ல, புரிந்துகொள்ள. ஊரிலிருந்து பேச ஆள் இல்லாத குடும்பத்துக்கு, படித்த ஓர் உறவினராக நீங்கள்தான் பேச வேண்டியிருக்கலாம்.

• வயிற்றைத் திறந்து வைத்ததற்கு முக்கியக் காரணம் எது: ரத்தப்போக்கா, அழுத்தமா, தொற்றா?
• இன்று எத்தனையாவது நாள்? அடுத்து எப்போது தியேட்டர்?
• இப்போது போட்டிருக்கும் மூடி எது? ஓரங்களை இழுத்துப் பிடிக்கும் வழி உண்டா?
• மூக்குக் குழாய் உணவு தொடங்கியாச்சா?
• இங்கே முடியாது என்றால், எந்த நாளுக்குள் பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவது நல்லது?
• பிறகு ஹெர்னியா ஆபரேஷன் தேவைப்பட்டால் எந்தத் துறையில், எப்போது காட்ட வேண்டும்?

செலவுக்கு, மருத்துவமனையின் ஆரோக்யமித்ரா மேசையில் மகாத்மா ஜோதிராவ் ஃபுலே திட்டத்தையும் ஆயுஷ்மான் பாரத்தையும் பற்றி முதல் நாளே கேளுங்கள். ஆயுஷ்மான் பாரத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. பின்னால் வரும் ஹெர்னியா ஆபரேஷனும் அதில் வருமா என்பதை அப்போதே கேட்டு வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள். ஒரு வருடம் கழித்து வயிற்றைச் சரிசெய்யப்போகும் மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.